இரண்டாம் ரக ஃபவுல்

ஜனவரி 17, புதன்

காலையில் முழங்கால் அளவுக்குப் பனி. வாசல் பாதையைப் பதினைந்தே நிமிடத்தில் தள்ளி முடித்தேன். எதிர்வீட்டுக்காரன் இயந்திரம் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினான். (சரி, எனக்கும் நாற்பது நிமிடம் ஆனது.)

பெரிய செய்தி: தங்கை வெர்னிட்டாவின் மகன் டெவெரோவுக்கு இரண்டாவது பத்து நாள் ஒப்பந்தம் கிடைத்துவிட்டது. நம்ம டெட்ராய்ட் கூடைப்பந்து அணியிலேயே. பத்து நாள் ஒப்பந்தம் என்பது கடையில் சட்டை போட்டுப் பார்ப்பது மாதிரி. ஒருவனை இரண்டு தடவைதான் போட்டுப் பார்க்கலாம். அப்புறம் சீசன் முடியும்வரை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப மாட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். 26ஆம் தேதி கடைசி நாள். அதற்குள் மூன்று ஆட்டம்: 20, 23, 26.

பையனுக்கு இருபத்தாறு வயது. நான்கு வருடமாகச் சின்ன லீக்கில் பேருந்திலேயே தூங்கி எழுந்தவன். ஆறடி ஒன்பது அங்குலம். உயரம் என் பக்கத்திலிருந்து வந்தது. நான் ஐந்தடி எட்டு. எனக்கு வரவேண்டியது தள்ளிப்போய் அவனுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஜனவரி 18, வியாழன்

கிளியோஃபஸின் முடிதிருத்தும் கடையில் இரண்டு மணி நேரம் விவாதம். முடி வெட்ட எடுத்தது பத்து நிமிடம். மேலே வெட்ட அவ்வளவுதான் இருக்கிறது.

என் கட்சி: இந்த லீக் ஆட்களை ஆடவிடுவதில்லை. மூச்சுக்காற்று பட்டால் விசில். தோள் பட்டால் விசாரணை. எங்கள் காலத்தில் வளையத்துக்கு அடியில் வருகிறவன் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வருவான். 1978இல் தொழில்முறை அணி ஒன்று என்னைத் தேர்வுக்கு அழைத்த கதையையும் சொன்னேன். ஒரே மதியத்தில் மூன்று மூக்கை உடைத்ததால் பயந்துபோய்த் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கிளியோஃபஸ் கத்தரியை நிறுத்தினான். "போன வருஷம் ரெண்டு மூக்குன்னே. மூணாவது எப்போ ஒடஞ்சுது, இந்தக் கிறிஸ்துமஸ் அன்னிக்கா?"

அவனுக்குப் பொறாமை.

ஜனவரி 20, சனி

கோபத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணல்.

நான்காவது கால்பகுதி. எதிரணியில் வைடாஸ் என்று ஒரு லிதுவேனியாக்காரன், ஏழடி. பந்தோடு உள்ளே பாய்ந்தான். டெவெரோ அவனோடு எழும்பினான். கை பாதி பந்தில், பாதி முகத்தில். வைடாஸின் ஏழடியும் அவன் மணிக்கட்டின்மேலேயே விழுந்தது. விசில்.

டெவெரோ தூக்கிவிடக் கை நீட்டினான். நடுவர் ஒருத்தர் குறுக்கே புகுந்து அவனைத் தள்ளிக்கொண்டு போனார். தூக்கிவிடுவதும் குற்றம்போல.

பிறகு மூன்று நடுவர்களும் ஓரத்து மேசையில் இருக்கிற குட்டித் திரையின் முன்னால் போய்க் குனிந்துகொண்டார்கள். ஆறு நிமிடம். மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார்கள். மெதுவாக ஓட்டினால் எதுதான் கொலையாகத் தெரியாது? சர்ச்சில் பாதிரியார் என்னோடு கைகுலுக்குவதை அந்தத் திரையில் ஓட்டினால் இரண்டு பேரையும் உள்ளே தள்ளுவார்கள்.

தீர்ப்பு: இரண்டாம் ரக ஃபவுல். வெளியே போ.

முதல் ரகம் என்றால் "தேவையில்லாத இடி" என்று பொருளாம். இரண்டாம் ரகம் "தேவையில்லாததும் மிதமிஞ்சியதும்". தேவையான இடி எத்தனை கிலோ என்று எந்தக் கடையில் நிறுத்துப் பார்த்தார்கள்? அந்த வைடாஸ் ஒரு பஞ்சு பொம்மை. ஏழடிப் பஞ்சு.

ஜனவரி 21, ஞாயிறு

சர்ச்சில் வைடாஸின் மணிக்கட்டுக்காக ஜெபம் செய்தார்கள். நம் பையனுக்காக ஒரு இருமல்கூட இல்லை.

ஜனவரி 22, திங்கள்

லீக் கடிதம் வந்துவிட்டது. இரண்டு ஆட்டத் தடை. 23உம் 26உம். அதாவது அவனிடம் மிச்சமிருந்த எல்லாமும். வங்கியைக் கொள்ளையடித்தவனுக்குக்கூட முதலில் வக்கீல் வைத்துக்கொள்ள நேரம் தருவார்கள்.

அவனுடைய முகவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். வியாழக்கிழமை தொலைபேசியில் விசாரணை. வாதம் ஒன்றே ஒன்று: பந்தைத்தான் தட்டப் போனான், வேண்டுமென்று செய்யவில்லை, இதுவரை ஒரு கெட்ட பெயரும் இல்லை. தடை குறைந்தால் 26ஆம் தேதி ஆடலாம். ஆடினால் அணி வைத்துக்கொள்ளலாம்.

நான் சும்மா இருப்பேனா? மார்ட்டியின் வானொலி நிகழ்ச்சிக்குப் போன் போட்டேன். ஊரே கேட்கிற விளையாட்டு அரட்டை அது. இருபது நிமிடம் காத்திருந்தேன். எடுத்ததும் வெளுத்து வாங்கினேன். லீக்கை, நடுவர்களை, குட்டித் திரையை. மார்ட்டி விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வேகம் வந்துவிட்டது. 1978 தேர்வையும் மூன்று மூக்கையும் எடுத்துவிட்டேன். நான் கார் ஆலையில் முப்பத்தொரு வருடம் கதவு மாட்டியவன் என்றேன். அந்தத் தடுப்பாட்டமே நான் டெவெரோவுக்கு எட்டு வயதில் கற்றுக்கொடுத்தது என்றேன். பெயர்கூட உண்டு என்றேன்: "கதவைச் சாத்து." எவன் உள்ளே வந்தாலும் முகத்தில் கதவு. தினமும் நூறு தடவை பழகவைத்தேன் என்றேன்.

பிரமாதமாகப் பேசினேன்.

ஜனவரி 23, செவ்வாய்

கிளியோஃபஸ் கடையில் கைதட்டினார்கள். என் குரலை ஒவ்வொருத்தன் போனிலும் கேட்டேன். யாரோ "கதவைச் சாத்து" என்று சட்டையே அச்சடித்துவிட்டானாம். மத்தியானம் வரை நான்தான் டெட்ராய்ட்.

நான்கு மணிக்கு வெர்னிட்டா வந்தாள். பின்னாலேயே டெவெரோ, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து. இரண்டு பேரும் கோட்டைக் கழற்றவில்லை.

அவள் ஒரு தாளை நீட்டினாள். லீக் வக்கீல்கள் விசாரணைக்குச் சேர்த்த சாட்சியம். தட்டச்சு செய்திருந்தார்கள், கமா முற்றுப்புள்ளியோடு. "வீரரின் தாய்மாமன் கூற்றுப்படி இது சிறுவயது முதல் நாள்தோறும் பயிற்சி செய்யப்பட்ட செயல்." என் பேச்சு இவ்வளவு ஒழுங்காக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, எப்ப சொல்லிக்குடுத்தே?" என்றாள்.

நான் பொதுவாகச் சொன்னேன் என்றேன். ஒரு உணர்ச்சியில் என்றேன்.

டெவெரோ சத்தமே போடவில்லை. "மாமா, நீங்க என்னை ஒரு தடவகூட ஜிம்முக்குக் கூட்டிட்டுப் போனதில்ல."

அவன் கத்தியிருக்கலாம்.

அவன் காரில் போய் உட்கார்ந்த பிறகு வெர்னிட்டா சொன்னாள், முகவர் கேட்கச் சொன்னாராம்: வியாழக்கிழமை நான் போனில் வந்து, சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். பெயரோடு.

ஜனவரி 24, புதன்

முடியாது. ஏன் முடியாது? கேட்பது யார் — லீக் அலுவலகத்து ஆட்கள் நான்கு பேர். முடிதிருத்தும் கடையா? இல்லை. அப்புறம் என்னடா உனக்கு?

ஒரு பொய்யைத் தனியாக இழுத்தால் வராது. பின்னாலேயே 1978 வரும். மூக்குகள் வரும். நாற்பத்தைந்து வருஷமா கட்டுன வீடுய்யா.

உண்மை எது என்று எழுதிவிடுகிறேன், இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை. அவனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது வெர்னிட்டா. சர்ச் பெண்கள் லீக்கில் பதினொரு வருடம் ஆடினாள். அந்த லீக்கைப் பார்க்காதவன் முரட்டு ஆட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது. ஜெபம் முடிந்த மறுநிமிடம் முழங்கை பேசும். ஆனால் இவள் மட்டும் "பந்து, பந்து, ஆளு இல்ல" என்று கத்திக்கொண்டே ஆடுவாள். அதையேதான் பையனுக்கும் கத்தினாள்.

நான் என்ன செய்தேன்? ஸ்கோர் புத்தகம் எழுதினேன். அதிலும் அவளுக்கு ஆட்டத்துக்கு ஆறு புள்ளி கூட்டித்தான் எழுதினேன்.

ஜனவரி 25, வியாழன்

முடிந்தது.

லீக் தரப்பில் ஒரு அம்மா கேள்வி கேட்டார். குரல் குளிர்பெட்டி. நான் வெர்னிட்டாவின் சமையலறையில், ஒலிபெருக்கி போட்டு. டெவெரோ எதிரே.

எட்டு வயதில் பயிற்சி கொடுத்தது உண்மையா என்றார். இல்லை என்றேன். நூறு தடவை? இல்லை. அந்தத் தடுப்பாட்டத்துக்குப் பெயர்? போனில் காத்திருந்தபோது யோசித்தது. லீக் வக்கீல் ஒருத்தர் நடுவில் நுழைந்து, மருமகனைக் காப்பாற்ற இப்போதுதான் பொய் சொல்கிறேனோ என்று சந்தேகப்பட்டார். நியாயமான சந்தேகம்தான். அதனால் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டியதாயிற்று.

"1978ல தொழில்முறை அணிக்குத் தேர்வுக்குப் போனதாவும் சொல்லியிருக்கீங்க."

"போனேம்மா. வண்டி நிறுத்துற எடத்துல கொடி காட்டுற வேலைக்கு."

"மூணு பேர் மூக்கை ஒடச்சது?"

"ஒண்ணுதான். என்னோடது. அரங்கத்துக் கண்ணாடிக் கதவுன்னு தெரியாம நடந்துட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை. டெவெரோ மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வந்ததுதான் வந்தோம் என்று என் வாதத்தையும் வைத்தேன். ஒரே இடி, அதற்கு ஃபவுல், வெளியேற்றம், அதற்குமேல் தடை. ஒரு குற்றத்துக்கு மூன்று தண்டனை எந்த ஊர் நீதி? பத்து வருடம் ஒப்பந்தம் வைத்திருக்கிறவனுக்கு இரண்டு ஆட்டம் என்பது விடுமுறை. பத்து நாள் வைத்திருக்கிறவனுக்கு அது தலைவெட்டு. எல்லோருக்கும் ஒரே அளவு என்கிறீர்கள், கழுத்து ஒரே அளவா?

அந்த அம்மா தண்டனை கடுமையா என்பது இன்றைய கேள்வி இல்லை என்றார். நன்றி சொன்னார்.

ஐந்து மணிக்குச் செய்தி: தடை ஒரு ஆட்டமாகக் குறைந்தது. அது 23ஆம் தேதியோடு தீர்ந்துவிட்டது. நாளை ஆடலாம்.

வெர்னிட்டா என் தட்டில் இரண்டாவது துண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரம் வைத்தாள்.

ஜனவரி 26, வெள்ளி

பதினோரு நிமிடம் ஆடவிட்டார்கள். மூன்று தடவை எதிராளி நேராக உள்ளே வந்தான். மூன்று தடவையும் டெவெரோ கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒதுங்கினான், துப்பாக்கி காட்டி மிரட்டியவன் முன்னால் நிற்பதுபோல. உணவகத்தில் இருக்கை காட்டுகிறவன்கூட இவ்வளவு மரியாதையாக வழி விடமாட்டான். இடிடா, இடிடா என்று தொண்டை கிழியக் கத்தினேன். பயிற்சியாளர் கூரையைப் பார்த்தார்.

ஜனவரி 27, சனி

ஒப்பந்தம் இல்லை.

பயிற்சியாளர் சொன்னாராம்: "நல்ல பையன். ஆனா உள்ள வர்றவனுக்குக் கொஞ்சம் பயம் காட்டுற ஆள்தான் எங்களுக்கு வேணும்."

இதுக்கு என்னய்யா அர்த்தம்? இடிச்சா லீக் வெளிய அனுப்புது, இடிக்கலன்னா அணி வெளிய அனுப்புது. நடுவுல ஒரு நூல் அளவு எடம், அதுல ஆறடி ஒம்பது அங்குலம் நிக்கணும். சனிக்கிழமை இடிச்சதுக்குத் தண்டனை வாங்கினவனை அடுத்த வெள்ளிக்கிழமை இடின்னா எப்படி இடிப்பான்? முரட்டு ஆட்டத்தை விளம்பரத்தில் காட்டுகிறார்கள், டிக்கெட்டில் அச்சடிக்கிறார்கள், ஆடினவனைத்தான் பிடிக்கவில்லை.

லீக்கைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். ஏனென்றால் அவனிடம் கேட்டுவிட்டேன், ஏன் ஒதுங்கினாய் என்று. காரில். அவன் சாலையைப் பார்த்தபடி சொன்னான்:

"கையத் தூக்குறப்பல்லாம் உங்க குரல்தான் மாமா கேட்டுச்சு. இதையும் யாராவது கதவுன்னு சொல்லிருவாங்களேன்னு."

லீக் போட்ட தடை ஒரு ஆட்டம். நான் போட்டது எத்தனை என்று தெரியவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

பனி. தள்ளவில்லை.

பிப்ரவரி 3, சனி

கிளியோஃபஸ் கடைக்குப் போய் நானே சொல்லிவிட்டேன். கொடி காட்டியது, கண்ணாடி, எல்லாம். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கேவலமாக இருந்தது. கடைசியில் கிளியோஃபஸ் மட்டும் என் மூக்கைத் திருப்பிப் பார்த்து, "ஒடஞ்ச மாதிரியே தெரியலடா, இதுவும் பொய்யா?" என்றான்.

பிப்ரவரி 8, வியாழன்

கௌனஸ் என்கிற ஊரிலிருந்து ஒரு அணி டெவெரோவைக் கேட்டிருக்கிறது. மே மாதம்வரை ஒப்பந்தம். அது லிதுவேனியாவில். அந்த வைடாஸின் ஊர். இவன் எப்படிப்பட்டவன் என்று அவனிடம்தான் விசாரித்திருக்கிறார்கள். மணிக்கட்டில் கட்டோடு அவன் சொன்ன பதில்: நல்லா இடிப்பான், அப்புறம் தூக்கிவிட வருவான், நடுவர்தான் விடல.

வைடாஸைப் பஞ்சு என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

பிப்ரவரி 24, சனி

அங்கே மாலை, இங்கே காலை பதினொன்று. வெர்னிட்டாவின் மடிக்கணினியில் பார்த்தோம். வர்ணனை ஒரு எழுத்து புரியவில்லை. மூன்றாவது கால்பகுதியில் ஒரு தடியன் உள்ளே பாய்ந்தான். டெவெரோ எழும்பினான். பந்திலும் பட்டது, ஆளிலும் பட்டது, தடியன் விளம்பரப் பலகை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனான். விசில். சாதாரண ஃபவுல். எவனும் திரையைத் தேடி ஓடவில்லை. டெவெரோ கை நீட்டினான், தடியன் பிடித்து எழுந்தான், ஆட்டம் தொடர்ந்தது.

"பந்து," என்றாள் வெர்னிட்டா, தனக்குள்.

என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. நல்ல வாக்கியம். மீனோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

மீன் நான் பிடித்தது. ஏரியில் பனிக்கட்டியை முழங்கையால் உடைத்து, ஐந்து கிலோ, வெறுங்கையால். இதனால் யாருக்கும் தடை வராது.