வினிகர் பாட்டிலும் வெட்டிய புளியமரமும்

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் வினிகர் வாசனை போகவில்லை. உன் தங்கைக்கு ஒரு பாட்டில் ஊறுகாய் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

அவள் கல்யாணத்துக்கு நாம் போட்ட அதே ஊறுகாய்தான். பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி மட்டும் போதாது என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். பாண்டிச்சேரி ஓட்டலில் சமைக்கிற உன் மாமாவிடம் பக்குவம் கேட்டு வந்து என்னமாய் அலட்டினாய்! எண்ணெய் வேண்டாம், மிளகாய்த்தூள் வேண்டாம். வினிகரும் தண்ணீரும் சரிபாதி, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஒரு கொதி, அவ்வளவுதான். மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து முதல் பஸ்ஸில் நான் கொண்டுவந்த முள்ளங்கியையும் பீன்ஸையும் இரண்டு பேரும் உட்கார்ந்து நறுக்கினோம். ஊற்றி ஆறியதும், எங்கள் வீட்டுப் பழக்கத்தில், பாட்டில் வாயில் துணியைக் கட்டி மொட்டைமாடி வெயிலில் வரிசையாக வைத்துவிட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாய்.

"அடப்பாவி! இது வெயில் காயற ஊறுகா இல்லடா. ஃப்ரிட்ஜில வெக்கற ஊறுகா!"

உங்கள் ஃப்ரிட்ஜில் இருந்த பால், தண்ணீர் எல்லாம் வெளியே வந்தது, பாட்டில்கள் உள்ளே போயின.

அந்த வாரம்தான் எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு மறியல். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்றார்கள். தம்பிக்குப் படிக்க சீட்டு கிடைக்காத ஆத்திரம் எனக்கும் இருந்தது. கோரிக்கை நியாயம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கல்யாணத்தன்று விடியற்காலையில் போனேன். டைப் அடிக்க மட்டுமே தெரிந்த கையில் கோடாலியைக் கொடுத்தார்கள். உளுந்தூர்பேட்டை ரோட்டுக்குக் குறுக்கே அந்தப் புளியமரம் சாய்ந்தபோது என் உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

கொஞ்ச நேரத்தில் மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே உன் தங்கையின் மாப்பிள்ளை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூட நின்ற எங்கள் ஆட்களுக்குப் பயந்துகொண்டு நின்றேன்.

சேதி கேட்டு நீ சைக்கிளில் வந்தாய். என்னைப் பார்த்தாய். கோடாலியைப் பார்த்தாய். பிறகு மற்றவர்களிடம் திரும்பினாய்.

"வண்டிய வுட வேணாங்க. மனுசங்கள வுடுங்க. மரத்து மேல ஏறி எறங்கி நடந்தே வந்துடுவாங்க."

அவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அப்புறம் என்னிடம் வந்து, "கோடாலிய கீழ போட்டுட்டு சீர்த் தட்ட தூக்குடா" என்றாய். மாப்பிள்ளையின் அம்மாவைக் கிளைகளுக்கு நடுவே கைபிடித்து இறக்கினது நான்தான். ஊருக்குள் நடக்கும்போது நீ ஒன்றுதான் சொன்னாய்: "தங்கச்சிகிட்ட சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன். உன்ன அண்ணேன்னு கூப்புட்ற பொண்ணுடா."

பந்தியில் ஊறுகாய் பரிமாறியது நான். கொப்புளம் உடைந்த கையில் வினிகர் வழிந்து உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி இலை வரைக்கும் போட்டேன்.

நீ சாகும்வரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். நான்தான் ஒவ்வொரு பெருநாளுக்கும் அவள் "வாங்கண்ணே" என்று கூப்பிடும்போது குன்றிப்போனேன். இன்றைக்கு நீ இல்லாத வீட்டில் பாட்டிலை அவள் கையில் கொடுத்ததும், என்னால் முடியவில்லை. "அந்த மரத்த வெட்னதுல நானும் ஒருத்தம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் மூடியைத் திறந்து ஒரு முள்ளங்கித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"அன்னிக்கே தெரியும்ணே. கதவாண்ட நின்னு பாத்துக்கினுதான இருந்தேன். ஒரு கரண்டி ஊறுகா போடுவீங்க, கைய ஒதறுவீங்க. மறுபடி போடுவீங்க, ஒதறுவீங்க. டைப் அடிக்கற கையில கொப்புளம் எப்டி வரும்?"

"பின்ன ஏம்மா கேக்கல?"

"கேட்டா அண்ணனுக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா உங்க ரெண்டு பேரு சிநேகிதம் பூடும். அதான்."

கேட்டாயா? அவளுக்குத் தெரியக்கூடாது என்று நீ மறைத்தாய். உனக்குத் தெரியக்கூடாது என்று அவள் மறைத்திருக்கிறாள். உனக்கு மட்டும் இது தெரியாமலே போய்விட்டது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நான் அழுதேன்.

கிளம்பும்போது, "உப்பு கொஞ்சம் கம்மிண்ணே, அடுத்த தபா பாத்துப் போடுங்க" என்றாள். பார்த்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.