ஹீட்டர் குடித்த பன்னிரண்டு லிட்டர்

நாள் 212, 09:10
செவ்வாய், வடதுருவ ஊர்தி. எழுதுவது தமயந்தி. வசந்தம்வரை நான் மட்டும்தான் இங்கே.
குளிர்கால ஏற்பாடு. வெந்நீர் ஹீட்டரை அணைத்து, தண்ணீரை வடித்தாயிற்று. இனி குழாய்களில் உறையாத் திரவம். பிராணவாயு இயந்திரத்தைக் குளிர்விப்பதும் இதே குழாய்கள்தான். திரவம் ஹீட்டருக்குள் போகாமல் விலகிச் செல்ல ஒரு கைப்பிடி இருக்கிறது. அதன் சிவப்புப் புள்ளி மேலே இருக்க வேண்டும். மெக்கானிக் செந்தூர்பாண்டி பத்து நாள் முன்பே திருப்பிவிட்டு முகாமுக்குப் போய்விட்டான். கையெழுத்தும் போட்டிருக்கிறான்.

09:50
பன்னிரண்டு லிட்டரும் ஊற்றியாயிற்று. கடைசிக் குழாயில் ஒரு சொட்டும் வரவில்லை. மொத்தத்தையும் ஹீட்டர் குடித்துவிட்டது. வேறு கையிருப்பு இல்லை.
ஒரே ஒரு கைப்பிடி. அதைத் திருப்பத் தெரியாதவனுக்கு மெக்கானிக் என்று பெயர்.

10:05
வானொலியில் அவனை நாறடித்தேன். நாலு வருடப் பழக்கம் என்றும் பார்க்கவில்லை. வாயைத் திறந்தான், ஒலியை அணைத்துவிட்டேன். சாக்குச் சொல்வான். அவன் குரலே வேண்டாம்.

11:20
சுவருக்குப் பின்னால் மூன்று வெடிப்புகள். குழாய் வளைவுகளில் தேங்கியிருந்த நீர் உறைந்துவிட்டது. பிராணவாயு இயந்திரம் நின்றது. பாவி, கொன்றுவிட்டான்.

11:40
அவன் பேசியது பதிவாகியிருக்கிறது. நேரம் 10:06.
"யக்கா, திட்டுறத பொறவு திட்டுங்க. ஹீட்டர் அடியில திருகு இருக்கு, தெறந்து வாளில பிடிங்க. கைப்பிடிய மாத்தித் திருப்பி, மறுபடி ஊத்துங்க. அர மணி நேரந்தான் இருக்கு."
திருகு என் முழங்காலுக்கு அருகிலேயே இருந்தது. அந்த அரை மணி நேரமும் நான் அவனைத் திட்டி ஒரு புகார் எழுதிக்கொண்டிருந்தேன்.

நாள் 213, 08:00
பாண்டி கிளம்பிவிட்டான். வந்துசேர ஒன்பது நாள். சிலிண்டரில் இருப்பது மூன்று நாளுக்கு. தப்பு தன்னுடையதுதான் என்று அழுகிறான். ஆமாம் என்றேன்.

நாள் 216, 06:30
பேட்டரி வெப்பத்துக்கே போதவில்லை. வானொலி செத்துவிட்டது.
கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு முனையில் குங்குமம். மறுமுனையில் காய்ந்த சந்தனம். சுரண்டினால் அடியில் சிவப்புப் பெயின்ட். ஆயுத பூஜையன்று எல்லாக் கைப்பிடிகளுக்கும் பொட்டு வைத்தேன். அவன் என் பொட்டைப் பார்த்துத் திருப்பியிருக்கிறான்.

06:50
முதலில் உள்ளே வருவது நீதான், பாண்டி. புகாரைக் கிழித்துவிட்டேன். கைப்பிடியை மேசைமேல் வைத்திருக்கிறேன், பார். உன்மேல் தப்பில்லை. இதை உன்னிடம் சொல்ல வானொலி மட்டும் இருந்

06:58
திட்டும்போது மட்டும் வேலை செய்தது சனி