கடலடிச் சேறும் அம்மாவின் காலும்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இங்கும் அப்படியே என்று எழுத இந்த முறை கை வரவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றோடு பதினோரு நாள். புதுச் செருப்பு கடித்த புண், சர்க்கரை உடம்பு, கேட்கவா வேண்டும். போனில் நீ கேட்டபோதெல்லாம் குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று நான் சொன்னது அத்தனையும் பொய், கோபித்துக்கொள்ளாதே, சொல்ல நாக்கு எழவில்லை. சீழைச் சோதித்துப் பார்த்த டாக்டர், "கிருமி எந்த மருந்துக்கும் அசைய மாட்டேங்குது, இன்னும் ஒண்ணுதான் கையில இருக்கு" என்றார்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. கடலடியிலிருந்து வரும் சேற்றை உலர்த்தி, கரைத்து, தட்டுகளில் தடவி, முளைக்கிற நுண்ணுயிரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பேன். மூன்று வாரம் கழித்து மூடியைத் திறந்தால் மழை பெய்த மண் மாதிரி மணக்கும். பக்கத்தில் வேறு கிருமி வளராதிருக்க அவை ஏதோ ஒன்றைச் சுரக்கின்றன, அதில் மருந்து கிடைக்குமா என்றுதான் இருபத்திரண்டு வருஷமாகத் தேடுகிறோம். இந்த மாதம் ஒன்று அகப்பட்டது. அம்மாவின் புண்ணில் இருக்கிற அதே வகைக் கிருமி வளர்ந்த தட்டில் இதன் சாற்றை ஒரு சொட்டு விட்டால், சுற்றிலும் துடைத்துவிட்டாற்போல் வெறுமையாகிவிடுகிறது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட எடுத்து வராதவன், செவ்வாய்க்கிழமை அந்தச் சாற்றைச் சின்னப் புட்டியில் ஊற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை நாலு மணிக்குக் கட்டுப் பிரித்து வைத்துவிட்டு, நர்ஸ் பஞ்சு எடுக்கப் போனாள். அம்மாவிடம் புட்டியைக் காட்டினேன். "போட்டுடுங்க, இதுக்கு மேல என்ன ஆயிடப் போகுது" என்றாள். மூடியைத் திறந்தேன். நல்ல புத்தி வந்து நிறுத்தினேன் என்று எழுதத்தான் ஆசை, அது பொய். வெளியே காலடிச் சத்தம் கேட்டது, பயந்து மூடிவிட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவியிடம் போய் புட்டியை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. ரத்தம் கலந்த தட்டு ஒன்றில் அதே சாற்றை ஒரு சொட்டு விட்டு மூடி வைத்தார். அடுத்த நாள் காலையில் கூப்பிட்டுக் காட்டினார். சொட்டு விட்ட இடத்தைச் சுற்றி ரத்தச் சிவப்பெல்லாம் கரைந்து வெளிறிப்போயிருந்தது. "அண்ணே, இதுக்குக் கிருமி வேற மனுஷன் வேறன்னு தெரியாது. அதைப் பழக்கி மருந்தாக்க இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்" என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாறுகளை வைத்திருக்கும் குளிர்பெட்டி அறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். கொடுக்கும்போது மனசுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

முந்தாநாள் அம்மாவின் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த அந்த ஒரே மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. இன்று காலை காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்கிறார் டாக்டர். தட்டின் கதையைச் சொன்னதும் அம்மா, "நீங்க பயந்தாங்கொள்ளியா இருந்ததும் நல்லதுக்குத்தான்" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். நான் நர்ஸ் முகத்தைப் பார்த்துப் பார்த்தே பாதியாகிவிட்டேன், அவள் பேசாமல் போனால் ஒரு பயம், பேச வந்தால் இன்னொரு பயம்.

உன்னை அலைக்கழிக்க வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள். வா என்று கூப்பிடுவது நான்தான், எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. வழியில் வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கும் உனக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், என் ஆயுளையும் சேர்த்து நீங்கள் வாழுங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அம்மா இன்னும் பார்க்கவில்லை. நீ உள்ளே நுழைந்ததும் அவள் முகத்தைப் பார். கால் பக்கம் பார்க்காதே.

உன் வரவுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
அப்பா