கேட்டில் நின்று ‘வாங்க’ என்றவள்

உடன்பிறக்காமலே எனக்கு அக்காவாகிப் போன லலிதா அக்காவுக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் உங்கள் வீட்டு கேட்தான் கண்முன் வந்து நிற்கும். பேனாவை மூடி வைத்துவிடுவேன். இன்று உங்களுக்கு ஒரு நல்ல சேதியும் வைத்திருக்கிறேன். ஆனால் என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள் நித்யா என்னிடம் ஸ்பீச் தெரபிக்கு வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. தாம்பரத்திலிருந்து பஸ் ஏறி, ராஜகீழ்ப்பாக்கத்தில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் என் அறைக்கு வாரம் மூன்று நாள் அவளைக் கூட்டிவருவீர்கள். அவளுக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளைப் போல, எதை யாரிடம் எப்போது சொல்வது என்பதில்தான் திண்டாட்டம். “வீட்டுக்கு யாராவது வந்தா வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மிஸ். எனக்கு வேற எதுவும் வேணாம்” என்றீர்கள்.

நான் அவளைக் கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லிப் படுத்தி எடுத்தேன். “கண்ணப் பாத்தா அவளுக்குக் காது கேக்காது, விட்டுடுங்க மிஸ்” என்று நீங்கள்தான் என்னைத் திருத்தினீர்கள். அப்புறம் படம் வரைந்து அட்டைகள் செய்தோம். கதவு ஒன்று, நாற்காலி ஒன்று, தண்ணீர்ச் சொம்பு ஒன்று. விருந்தாளி எப்போதும் நீங்கள். ஒரு நாள் நாவலூர் நாத்தனாராக வருவீர்கள், இன்னொரு நாள் தபால்காரராக. வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள்.

“வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?” இந்த மூன்றுக்கும் நமக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. யார் வந்தாலும் சொல்ல வேண்டும், எப்போது வந்தாலும் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். எப்போது சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை அக்கா.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் மறுநாளே ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தீர்கள். நான் ஆட்டோவை விட்டு இறங்கும்போது நித்யா கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். மாலையோடு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்கள்.

உங்கள் ஓரகத்தி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார். “சாவு வூட்ல யாராச்சும் வாங்கன்னு சொல்வாங்களாடி? பெத்தவ போய்ட்டா, ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சா உனக்கு? இன்னா ஜென்மமோ” என்று தரதரவென்று உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். ‘இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான், பிள்ளை மேல் தப்பில்லை’ என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். சாவு வீட்டில் அதுதான் முறை என்பது அன்றைக்கு எனக்கு வசதியாகப் போய்விட்டது.

அதற்கப்புறம் நித்யா வகுப்புக்கு வரவில்லை. அப்பாவிடம் மட்டும் பசிக்குது, தூக்கம் வருது என்று ஓரிரு வார்த்தை. வேறு யாராவது வாசலில் வந்து நின்றால், தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொள்வாளாம். “அவ உள்ளுக்குள்ளயே போய்ட்டா மிஸ். இனிமே பேச மாட்டா போல” என்று அவள் அப்பா சேகர் அண்ணா போனில் சொன்னார். நீங்கள் அத்தனை நாள் பஸ் ஏறி வந்ததை ஒரு நாளில் நான் பாழாக்கிவிட்டேனா?

போன வாரம்தான் உங்கள் வீட்டுக்குப் போகத் துணிச்சல் வந்தது. என்னைப் பார்த்ததும் நித்யாவின் கை வாய்க்குப் போனது. நான் தரையில் உட்கார்ந்தேன். “நித்யா, அன்னைக்கு நீ பண்ணது தப்பில்ல. சாவு வீட்ல வாங்கன்னு சொல்ல மாட்டாங்கன்னு நான் உனக்குச் சொல்லித் தரல. தப்பு என்னோடது” என்றேன்.

அவள் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்தாள்.

“இது இன்னும் சாவு வீடா மிஸ்?”

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் உள்ளுக்குள் எங்கேயும் போகவில்லை அக்கா. சாவு வீட்டில் பேசக் கூடாது என்று அன்று ஒரு புதுப் பாடம் படித்திருக்கிறாள். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நமக்கெல்லாம் தானாகவே தெரிந்துவிடுகிறது. முடிந்துவிட்டது என்று அவளிடம் யார் சொன்னார்கள்?

நான் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. சேகர் அண்ணாவைப் பார்த்தேன். உங்கள் மூக்குக் கண்ணாடி இன்னும் ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறது. அதை எடுத்துவைக்கக்கூட அவருக்கு மனசு வரவில்லை. மெதுவாக வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். “இல்லம்மா. முடிஞ்சிடுச்சு. இது நம்ம வீடுதான்” என்றார். சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நித்யா அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “நாளைக்கு கிளாஸ் இருக்கா மிஸ்?” என்று கேட்டாள்.

வந்தாள். ‘வாங்க’ என்று எப்போது சொல்லக் கூடாது என்பதற்கும் இப்போது அட்டைகள் வரைகிறோம். கேள்வி கேட்டு என்னைத் துளைக்கிறாள். ஆஸ்பத்திரியில் வாங்கன்னு சொல்லலாமா, அழுகிறவங்ககிட்ட தண்ணி வேணுமான்னு கேக்கலாமா? அன்றைக்கு அத்தனை பேரிடமும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாளே, அதுதான் அவள் அழுத விதமா? உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு ஓரகத்தி வருகிறாராம். கேட்டில் நின்று வரவேற்கப்போவதாக நித்யா சொல்லியிருக்கிறாள். நானும் போகிறேன் அக்கா. அவள் பக்கத்திலேயே நிற்பேன். அன்றைக்கு அவள் சொன்னதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது என்று அந்த அம்மா முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுகிறேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நித்யாவின் சித்தி முறையில்,
உங்கள் தங்கை கவிதா