ஓகஸ்ட் முப்பத்தொன்று வரை தவணை

சிவமயம்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
3-7-1938

அன்புள்ள மகன் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

கடல் கடந்து தைப்பிங்கில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு வேலைக்குப் போய்வர வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நாங்களும் இங்கே நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், அதில் பாதி உண்மை, மற்றப் பாதியைக் கீழே எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி. இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுவது. அவர் மருதானைக்குப் போயிருக்கிறார், அதாவது போவதாகச் சொன்னார். வருகிற சத்தம் கேட்டால் தாளை அரிசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பிறகு எழுதுவேன், எழுத்து ஒரு இடத்தில் நின்று இன்னொரு இடத்தில் தொடங்கினால் அதுதான் காரணம்.

எல்லாம் இந்த வருமான வரியில் தொடங்கியது. அப்பா கிளாக்கர் வேலையில் இருந்து பென்சன் எடுத்த பிறகு நாலு கடைக்காரருக்கு வரிப் பத்திரம் எழுதிக்கொடுக்கிறார் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் யூன் மாதம் முழுக்க மேசை நிறையப் பில்லும் கொப்பியுமாக இருப்பார், சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவார். இந்த வருடம் யூன் வந்தது, மேசை வெறுமையாகக் கிடந்தது. ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று கேட்டேன். நாலு பேருக்கும் தவணை கேட்டு எழுதினேன், தந்துவிட்டார்கள், ஓகஸ்ட் முப்பத்தொன்று வரைக்கும் நேரம் இருக்கிறது என்றார். எனக்கு அப்போதே அது சரியாகப் படவில்லை. இந்தக் கவர்மெண்டை எனக்குத் தெரியாதா. நம்முடைய வளவுக்குள் ஒரு தண்ணீர்க் குழாய் போடுவதற்கு உன்னுடைய அப்பா ஒன்றரை வருடம் நடந்தவர், கடைசியில் கொடுத்த குழாயிலும் தண்ணீர் வரவில்லை. அப்படிப்பட்டவர்கள் ஒரு கடிதம் போட்டவுடன் இரண்டு மாதத்தைத் தூக்கிக் கொடுப்பார்களா. என்ன எழுதிக் கேட்டீர்கள் என்றேன். கேட்கிற மாதிரிக் கேட்டால் தருவார்கள் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் மனிதர் எழும்பிப் போவார், முப்பத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

எனக்கு மட்டும்தான் சந்தேகம் என்று நினையாதே. போன கிழமை அப்பா வெளியே போயிருந்த நேரம் அந்த நாலு பேரில் ஒருவர், கயிறும் தாரும் விற்கிற ராசிக் வந்தார், நீ சின்னனாக இருக்கும்போது உனக்குப் பட்டம் விடக் கயிறு தந்தவர். அவருக்கு முகமே சரியில்லை. கிளாக்கர் ஐயா கேட்டாராம், அவங்க குடுத்தாங்களாம், கவர்மெண்டு சும்மா டைம் குடுக்குமா அம்மா, நம்மள நல்லா விசாரிச்சுக்கொள்ளத்தான் இந்த ரெண்டு மாசம், எனக்கிப் பயமா ஈக்கி என்றார். ஐயா ஏதும் பிழையாக எழுதிவிட்டாரா, அதைத் திருத்தத்தான் நேரம் கேட்டாரா என்றும் கேட்டார். நான் அப்படி ஒன்றும் இல்லை என்றேன், என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை. பத்தாம் திகதிக்குள் சரியான மறுமொழி இல்லாவிட்டால் கொப்பிகளை எடுத்து அடுத்த தெருப் பூபாலசிங்கத்திடம் கொடுக்கப் போவதாகச் சொல்லித் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். பூபாலசிங்கத்தைத் தெரியும்தானே, அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்தே அந்த வேலை பழகியவர், இப்போது ஆருடைய வேலை பறிபோகும் என்று காத்திருக்கிறார். ஒருவர் போனால் மற்ற மூன்று பேரும் பின்னாலே போவார்கள். அந்த வேலை போனால் அப்பா என்ன ஆவார் என்று நினைத்துப் பார், அந்த மேசைதான் அவருக்கு மூச்சு.

அதற்குப் பிறகு நான் அவரை உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக வந்தது. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமல் இருக்கிறார். இதில என்ன கிடக்கு, எல்லாம் பொய் என்று மடித்து வைக்கிறார், முன்பு விளம்பரம்கூட விடாமல் வாசித்தவர். கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றும்போது விளிம்பில் விரலை வைத்துக்கொள்கிறார். திடீரென்று கடைப் பில்லில் உள்ள எண்களை என்னை உரக்க வாசிக்கச் சொன்னார், நீயும் பழகத்தானே வேணும் என்றார், நான் வீட்டுச் செலவில் பிழை பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்து நன்றாகச் சண்டை பிடித்தேன். கிழமைக்கு இரண்டு மூன்று நாள் மத்தியானம் மருதானைக்குப் போகிறார். ஆரைப் பார்க்க என்றால் ஒரு ஆளை என்கிறார். திரும்பி வரும்போது இரண்டு கண்ணும் சிவந்து, வழிந்துகொண்டு, லேஞ்சியால் ஒற்றிக்கொண்டு வருகிறார். தம்பி, உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது, நான் சாராயம் என்று நினைத்தேன். அவர் குளிக்கப் போன நேரம் லேஞ்சியை எடுத்து மணந்து பார்த்தேன், அதில் மருந்து மணம்தான் இருந்தது. பிறகு குதிரைப் பந்தயமோ என்று சட்டைப் பைக்குள் பார்த்தேன், ஒரு துண்டு இருந்தது, அதில் ஒரு இலக்கமும் மணியும் மட்டும். இதற்கெல்லாம் மேலே ஒன்று, பதினோராம் திகதி கண்டிக்குப் போகிறாராம், அங்கே ஒரு கடைக்காரருக்குப் பழைய கணக்கெல்லாம் எழுத வேண்டுமாம், பதினைந்து நாள் செல்லுமாம். கண்டிக்குப் போகிற மனிதர் கம்பளிச் சால்வையைக் கேட்கவில்லை. இரண்டு சாரமும் ஒரு துவாயும் எடுத்து வை என்றார். சால்வை இல்லாமல் இவர் ஒரு நாளும் கண்டிக்குப் போனதில்லை.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. முந்தநாள் அவர் மருதானைக்குப் போனதும் அலுமாரியைத் திறந்து வரிக் கந்தோரில் இருந்து தவணை தந்து வந்த நீளக் கடிதத்தை எடுத்தேன். எடுத்த கையோடு இந்த வருடம் உன்னிடமிருந்து வந்த ஐந்து கடிதத்தையும் எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று பிறகு சொல்கிறேன். எல்லாம் இங்கிலிஷ், எனக்கு எண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆரிடம் கொண்டுபோவது என்று நிறைய யோசித்தேன். இந்தத் தெருவில் இங்கிலிஷ் தெரிந்தவர்களுக்கு வாயும் தெரியும். கடைசியில் பக்கத்து வீட்டில் அறை எடுத்து இருக்கிற நேசமலர் ரீச்சரிடம் போனேன், வேதக்காரப் பெண், மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். ஆருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தாளைக் கொடுத்தேன். அவள் முதலில் தனக்குள் வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்து, அக்கா, நீங்கள் முதலில இருங்கோ என்றாள். தவணை கேட்கிறவர் காரணம் எழுத வேண்டுமாம், அந்தக் காரணத்தைக் கந்தோர்க்காரர் தங்கள் கடிதத்தில் திருப்பி எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம் மூடிவிட்டதாம், எண்களை வாசிக்க முடியவில்லையாம், யூலை பன்னிரண்டாம் திகதி கண் ஆஸ்பத்திரியில் வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சையாம், டாக்டரின் கடிதமும் வைத்து அனுப்பியிருக்கிறாராம், அதைப் பார்த்துத்தான் நேரம் கொடுத்திருக்கிறார்கள். கண்டியும் இல்லை கடைக்காரரும் இல்லை. தடவித் தடவி டிராம் ஏறிக் கண்ணுக்கு மருந்து விடப் போய் வந்த மனிதரை நான் குடிகாரன் என்று நினைத்துச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு இருந்திருக்கிறேன். நேசமலரின் கட்டிலில் இருந்து நன்றாக அழுதேன். எனக்குச் சொல்லாததை வரிக் கந்தோர்க்காரனுக்குச் சொல்லியிருக்கிறாரே என்று கோபமும் வந்தது, அதையும் மறைக்கவில்லை. கடைக்காரருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், எனக்குத் தெரிந்தால் உனக்கு எழுதுவேன், உனக்குத் தெரிந்தால் லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவாய், இதையெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் மறைத்திருக்கிறார்.

இனி உன் கடிதங்களுக்கு வருகிறேன். நீ உத்தியோகத்துக்குப் போனதில் இருந்து அப்பாவுக்கு இங்கிலிஷில்தான் எழுதுகிறாய், இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், தகப்பன்மாருக்கும் அது ஒரு பெருமை, அவர்கள் தாய்மாருக்குத் தமிழில் சொல்லுவார்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு வந்த கடிதங்களை அப்பா வாசித்துச் சொல்லும்போது எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நீ இரண்டு தாளில் இரு பக்கமும் எழுதியிருக்கிறாய், அவர் நாலு வசனத்தில் முடித்துவிடுகிறார், தம்பி சுகமாம், மழையாம், வேலை கூடவாம், அம்மா வைக்கிற சொதி மாதிரி இங்க ஒரு இடத்திலும் இல்லையாம், அம்மாவை அடிக்கடி நினைக்கிறானாம் என்று. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எதையோ ஒளிக்கிறீர்கள் என்று நினைத்தேன். இப்போதுதான் தெரிகிறது, அவர் வெறும் தாளைத்தான் முகத்துக்கு முன்னால் பிடித்திருக்கிறார், தலைகீழாகப் பிடித்தாரோ என்னவோ. நேசமலர் முதல் நாலையும் வாசித்தாள், பெரிதாக ஒன்றும் இல்லை. மே மாதக் கடிதத்தை வாசிக்கும்போதுதான் உன்னுடைய விஷயம் வந்தது. உங்கள் ஸ்டேசன் மாஸ்டரின் மகளைக் கலியாணம் செய்ய விரும்புகிறாய், அவர்களுக்கும் சம்மதம், ஆவணியில் வைக்கக் கேட்கிறார்கள், யூலை முடிவதற்குள் எங்கள் பதில் வராவிட்டால் உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு அவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். ஐயோ தம்பி, இது இங்கே ஒருவருக்கும் தெரியாது. நீ ஆறு கிழமையாகப் பதில் பார்த்து, அப்பாவுக்கு விருப்பமில்லை என்று நினைத்துக் குமைந்துகொண்டு இருப்பாய். அப்பா வாசிக்கவே இல்லையடா. விருப்பம் இல்லாமல் பேசாமல் இருக்கவில்லை.

அந்தப் பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்பேன். தகப்பனுக்கு ஊர் வட்டுக்கோட்டை என்கிறாய், வட்டுக்கோட்டையில் எங்கே, தாயின் ஆட்கள் ஆர். ஆடியில் ஒரு கலியாணமும் நடக்காது, அப்படியிருக்க யூலைக்குள் சொல்லு என்று ஏன் நெருக்குகிறார்கள், அவசரப்படுகிறவர்களை எனக்குக் கொஞ்சம் பயம். அல்லது அந்தத் திகதியை நீயாகத்தான் போட்டாயோ, அப்பாவைப் பயப்படுத்த. அப்படியென்றால் அவர்களைச் சந்தேகப்பட்டதற்கு என்னை மன்னித்துக்கொள். முக்கியமாக ஒன்று, அந்தப் பிள்ளை தமிழ் எழுத வாசிப்பாளா என்று சொல். அது இருந்தால் மற்றதுகளில் நான் பாதி விட்டுக்கொடுப்பேன்.

இப்போது நான் கேட்கிறதைக் கேள். எனக்கும் தவணை வேண்டும். ஓகஸ்ட் முப்பத்தொன்று வரைக்கும் கொடு. அன்றைக்கு ஆவணி பதினைந்து, அதற்குப் பிறகும் ஆவணியில் இரண்டு கிழமைக்கு மேல் இருக்கிறது, நல்ல நாள் எடுக்கலாம். காரணம் மேலே எழுதியிருக்கிறேன். முன்பின் தெரியாத கந்தோர்க்காரன் அந்தக் காரணத்தைப் பார்த்து இரண்டு மாதம் கொடுத்தான், நீ நான் பெற்ற பிள்ளை, ஒரு மாதம் கொடுக்கமாட்டாயா. இந்தப் பதிலை நான் சொல்லக்கூடாது, அப்பா சொல்ல வேண்டும், அவர் தன் கண்ணால் வாசித்துச் சொல்ல வேண்டும். ஆகையால் நீ செய்ய வேண்டியது, உன்னுடைய மே மாதக் கடிதத்தை ஓகஸ்ட் தொடக்கத்தில் திரும்ப எழுது, புதுத் திகதி போட்டு, இதுதான் முதல் தடவை கேட்கிற மாதிரி. பழையதை நான் அலுமாரியில் வைக்கவில்லை, என்னிடமே இருக்கிறது. தன்னால் உன்னுடைய கலியாணம் நின்றுபோகப் பார்த்தது என்று அவருக்கு ஒரு நாளும் தெரியக்கூடாது. நேற்று ராசிக்கிடம் நானே போனேன். ஐயாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வேலை, கணக்கில் பிழை இல்லை, என்ர தாலியில் சத்தியம் என்றேன். அதற்குப் பிறகு அவர் பூபாலசிங்கத்தின் பெயரை எடுக்கவில்லை. எண்களை நான் வாசித்துக் கொடுப்பேன், சண்டை பிடிக்காமல். பதினோராம் திகதி அவரைக் கண்டிக்கு வழியனுப்புவேன், சால்வையையும் கையில் கொடுப்பேன், வாங்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் திகதி கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் போய் இருப்பேன். என்ன சொல்லுவேன் என்று இன்னும் யோசிக்கவில்லை. நீ இதற்காக லீவு போட்டுக்கொண்டு வரவேண்டாம், வந்தால் நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துவிடும்.

முருகன் உன்னையும், எனக்கு இன்னும் பெயர் தெரியாத அந்தப் பிள்ளையையும் காக்கட்டும். மழையில் நனையாதே, கடன் கேட்கிறவர்களை நம்பாதே. எனக்குப் பதில் தமிழில், நேசமலர் ரீச்சரின் பெயருக்குப் போடு, விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது.

ஒரு விஷயம் மறந்துபோனேன். அந்தச் சொதியைப் பற்றி எழுதியிருக்கிற இடத்தைக் காட்டு என்று நேசமலரைக் கேட்டேன். ஐந்து கடிதத்தையும் மூன்று தடவை பார்த்தாள், அப்படி ஒன்றும் இல்லை அக்கா என்றாள். அம்மாவுக்கும் சொல்லவும் என்று கடைசி வரியில் ஒரு சொல், அவ்வளவுதான். உன்னோடு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஓகஸ்டில் எழுதும்போது அம்மாவின் சொதியைப் பற்றியும் ஒரு வரி எழுது. அவர் தன் கண்ணால் வாசிக்கும்போது அது அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை நாளும் தானாகக் கட்டிச் சொன்னது எனக்குத் தெரிந்துவிடும் என்று மனிதர் பயப்படுவார்.

இப்படிக்கு,
உன்னை நம்பியிருக்கும் அம்மா,
நா. நாகேஸ்வரி