பீரோவுக்குப் பின்னால் இரண்டு அறை

அண்ணே,

இன்று காலை பீரோவை நகர்த்தினேன். மொசைக் தரையில் அது எழுப்பிய கிறீச் சத்தத்தில் பல் இன்னும் கூசுகிறது. நீங்கள் பார்த்த ஊராட்சிச் செயலர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண், கையில் டேப்போடு கூடத்தில் நின்றிருந்தாள். ஊர் முழுக்க வீட்டு வரிக்கு மறுபடி அளக்கிறார்களாம்.

ஆறு வருடத்துக்கு முன் அதே இடத்தில் நீங்கள் நின்றீர்கள். சிங்கப்பூரில் என் வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்த நேரம். பின்பக்கம் கட்டியிருந்த இரண்டு அறையை ஒரு டீச்சருக்கு வாடகைக்கு விட்டுத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதற்கும் சேர்த்து வரி போட்டுவிடுவீர்களே என்ற பயத்தில், அங்கே போகும் கதவைப் பீரோவால் மறைத்து வைத்திருந்தேன். முன்பக்கத்தை அளந்து முடித்து நோட்டை மடக்கப் போனீர்கள். சனியன், அந்த நேரம் பார்த்துப் பீரோவுக்குப் பின்னாலிருந்து குக்கர் விசிலடித்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. நீங்கள் பீரோவைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"அங்கிட்டு என்னாத்தா சத்தம்?"

"எலிண்ணே."

"ஒங்க வீட்டு எலி சோறெல்லாம் ஆக்குது போல" என்றீர்கள். அதற்கு மேல் கேட்கவில்லை. முன்வீட்டை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள். நானும் பெரிய கெட்டிக்காரி என்று இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன்.

அடுத்த கோடையில் ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் போர் மோட்டார் எரிந்தது. பழுதுபார்க்க ஊராட்சியில் பணமில்லை. தெருவிளக்கு, சாக்கடை, மோட்டார் ரிப்பேர் எல்லாம் நாம் கட்டும் வரியை நம்பித்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைப்போல் எத்தனை வீட்டில் பீரோ நின்றதோ. பன்னிரண்டு நாள் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கிராம சபைக் கூட்டத்தில் காலிக் குடங்களோடு உங்களைச் சூழ்ந்துகொண்டோம்.

"வரியெல்லாம் வாங்கி நீதானய்யா தின்ன?" என்று ஒருவன் உங்கள் சட்டையைப் பிடித்தான்.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் என் பக்கம் திரும்பியிருக்கும். நீங்கள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"வசூல்ல கொறை இருக்கு. எம்மேலதான் தப்பு" என்றீர்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை, அண்ணே. குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் வழியில் கண்டால், "அவரு போன் பண்ணாராத்தா?" என்றுதான் கேட்டீர்கள். ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம். மூன்று மாதத்துக்கு முன் உங்கள் சாவு வீட்டில்கூட, வரிப் பணத்தில் கை வைத்தவர் என்று இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். உங்கள் மகளுக்கு அது கேட்டது. அப்போதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இன்று பீரோ விலகியதும் அந்தப் பெண் கதவைப் பார்த்தாள், கையிலிருந்த பழைய பதிவைப் பார்த்தாள்.

"பின்னாடி ரெண்டு ரூம் இருக்கே, பழைய சார் எழுதவே இல்லையேம்மா. காசு கீசு வாங்கிட்டாரா?"

வாசலில் தெருக்காரர்கள் நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

"இந்த வீட்டுல ஒரு டம்ளர் டீக்கு மேல அவரு எதுவும் வாங்குனதில்ல. நாந்தான் பீரோவ வச்சு மறைச்சு ஏமாத்துனேன். அவருக்குத் தெரியவே தெரியாது."

அவள் இரண்டு அறையையும் அளந்து எழுதிக்கொண்டு போனாள்.

கடைசியாகச் சொன்னது மட்டும் பொய். அந்தக் குக்கர் விசில் உங்களுக்கும் கேட்டது என்பது இனி என்னோடு இருக்கட்டும், அண்ணே.