எயினி எப்போது தண்ணீர் குடிப்பாள்?

2025 பிப்ரவரி 3, திங்கள்

காலைத் தேநீர் 150. மாத்திரைக்கு 50. மதியம் ரசம் 100. மாலைத் தேநீர் 100. இரவுக் கஞ்சியில் தண்ணீர் எவ்வளவு? யாருக்குத் தெரியும். 150 என்று போட்டேன். மொத்தம் 550 மில்லி.

நர்ஸ் டீனா இன்று இந்த நோட்டுப் புத்தகத்தைக் கையில் திணித்தாள். "ஆன்டி, வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் எழுதணும். ஐஸ் கட்டியும் தண்ணிதான். ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி, அதுக்கு மேல கூடாது." என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஐந்து மாதம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கிள்ளானில் இந்த டயாலிசிஸ் நிலையத்துக்கு வந்து, இடது கையில் இரண்டு ஊசியோடு நான்கு மணி நேரம் படுத்திருக்கிறேன். வலது கை சும்மாதான் இருக்கிறது.

சும்மா இருக்கும் கையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பிப்ரவரி 5, புதன்

480. இன்று நல்ல பிள்ளை.

என் கணவர் லியனார்ட் அலமாரியைத் துடைக்கும்போது என் பதினோரு ஃபைல்களையும் கீழே இறக்கி வைத்தார். இருபத்தாறு வருடம் கிள்ளானிலிருந்து ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு அலுவலகத்தில் நகர வரைபடம் வரைந்தேன். போகும்போதும் வரும்போதும் ரயிலில் இன்னொரு ஊரையும் வரைந்தேன். பெயர் ஏழாறு. மாயமும் அரசர்களும் உள்ள கற்பனை நாடு, நான் எழுதப் போகும் நாவலின் நாடு. முதல் ஃபைலில் ஏழு ஆறுகள், ஆழமும் வேகமும் உட்பட. இரண்டாவதில் வடிகால். மூன்றாவதில் பதின்மூன்று மாத நாள்காட்டி. பிறகு நாற்பது தலைமுறை அரசர்கள், அவர்களுடைய சண்டைகள். ஒன்பதாவது முழுக்கக் காற்றின் திசை.

கதை ஒரு வரி கூட இல்லை. அந்த ஊரில் வசிக்க ஒரு மனுஷி கூட இல்லை.

"என்ன ரோஸ், உன் ஊருக்கு இன்னும் சி.எஃப். கிடைக்கலையா?" என்று லியனார்ட் கேட்டார். வருடா வருடம் கேட்கும் கேலிதான். எங்கள் அலுவலகத்தில் ஒரு வடிகால் சரியில்லை என்றாலும் சி.எஃப். வராது, அந்தச் சான்றிதழ் வராமல் புது வீட்டில் யாரும் குடியேற முடியாது. அந்தப் புத்தியை அப்படியே கதைக்குள் கொண்டுபோய்விட்டேன். எல்லாம் முடிந்த பிறகுதான் ஆள் வர வேண்டும் என்று இருந்தேன். எல்லாம் எப்போது முடியும்? ஒரு ஆற்றுக்குப் பெயர் வைத்தால் அதற்கு ஒரு பாலம் கேட்கிறது. பாலம் போட்டால் அதைக் கட்டிய அரசனைக் கேட்கிறது. ஃபைலைத் திறந்தாலே மூச்சு முட்டுகிறது.

டாக்டர் வருடக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கதையை எழுதாமலேயே போய்ச் சேர்ந்துவிடுவேனோ? பயமா இருக்கு. வேற யார்கிட்ட சொல்றது, இங்கதான் சொல்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

620.

நிலையத்தில் டிவி கெட்டுவிட்டது. என் பக்கத்து நாற்காலி, ஆறாம் எண், வாசுவுடையது. பண்டமாரானில் இருக்கிறார், லோரி ஓட்டியவர், நாற்பத்து நான்கு வயது. டிவி இல்லாததால் என்னிடம் பேச ஆரம்பித்தார்.

"நாளைக்குத் தைப்பூசம் அக்கா. பத்துமலைக்குப் போறேன்."

"போ. ஆனா குடிக்காதே."

"சும்மா பாக்கத்தான் போறேன்லா."

பிப்ரவரி 12, புதன்

வாசு ஐந்து கிலோ ஏறி வந்தார். அத்தனையும் தண்ணீர். டீனா போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கூட எழுந்துவிட்டார்கள்.

"எல்லாத் தண்ணீர்ப் பந்தல்லயும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊத்துறாங்க அக்கா. மோரு, ரோஸ் சிரப், பால் ஊத்தாத தே ஓ. யாரு என்னன்னு ஒரு கேள்வி இல்ல. எப்படி வேணாம்னு சொல்றது?"

நான் திட்டவில்லை. வாயில் எச்சில் ஊறியது.

பேச்சை மாற்ற என் ஊரைப் பற்றிச் சொன்னேன். ஆறு, பாலம், நாற்பது அரசர்கள். கண்ணை மூடிக் கேட்டவர் கடைசியில் ஒரே கேள்வி கேட்டார். "ஏழு ஆறு ஓடுது. யாராச்சும் இறங்கிக் குடிச்சாங்களா?"

இல்லை. இருபத்தாறு வருடத்தில் ஒருவரும் குடிக்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

510. இந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது தோன்றியது. டீனா எனக்கு ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ அவ்வளவுதான் என் உடம்புக்குள் போகலாம். கதைக்கும் அதே அளவை வைத்தால் என்ன? ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ஒரே ஒரு பெண். அன்று அவள் கண்ணில் படாத எதையும், கையில் தொடாத எதையும், அந்த ஊரில் நான் கட்டக் கூடாது. பாலம் வேண்டுமானால் அவள் ஆற்றங்கரைக்கு வரட்டும், அப்போது போடலாம்.

ஃபைல்களைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டமாக இருக்கும்.

பிப்ரவரி 17, திங்கள்

முதல் வரி எழுதினேன்: "ஏழு ஆறும் உப்பான வருடத்தில், எயினி விடியும் முன் பானையைத் தலையில் ஏற்றினாள்."

இத்தனை வருடம் வரைந்த ஆறுகளை ஒரே வரியில் உப்பாக்கிவிட்டேன். கொஞ்சம் வலித்தது. ஏன் உப்பானது? எனக்கே தெரியாது. எயினி நல்ல தண்ணீரைக் கல்மேடு என்ற ஊருக்குச் சுமந்துபோகிறாள். ஒன்பது நாள் நடை. சுமக்கிறவள் அதைக் குடிக்கக் கூடாது. வழியில் காய், கிழங்கு தின்று சமாளிக்கலாம், தண்ணீர் மட்டும் கிடையாது.

வாசுவுக்குப் படித்துக் காட்டினேன். ஆறு ஏன் உப்பானது என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. "சரக்கு ஏத்துறவன் சரக்கைத் தொடக் கூடாது. அது சரிதான்," என்றார். பிறகு, "அவளுக்குத் தாகம் எடுக்கும்லா?"

வீட்டில் லியனார்டிடமும் சொன்னேன். "ஒருத்தி குடியேறிட்டாளா! அப்ப இனிமே சி.எஃப். எதுக்கு?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளாயிற்று.

பிப்ரவரி 26, புதன்

எயினி மூன்றாம் நாள் நடையில் இருக்கிறாள். 590.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து, அலமாரியைத் திறந்து, ஐந்தாம் ஃபைலை எடுத்துவிட்டேன். கிணற்றுச் சங்கங்களின் சட்டங்கள். எயினி ஒரு கிணற்றருகே வருகிறாள், அது யாருடைய கிணறு, யாருக்கு உரிமை? ஆறு பக்கம் எழுதினேன். தவக்காலத்தின் முதல் நாளே விரதத்தை முறித்தாயிற்று.

மார்ச் 7, வெள்ளி

ஆறு பக்கத்தையும் வாசித்தேன். வாசு பொறுமையாகக் கேட்டார்.

"அக்கா, அவ இன்னைக்கு நடக்கவே இல்லையே."

கிழித்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது.

"எப்ப குடிப்பா?" என்று கேட்டார்.

"ஈஸ்டருக்குள்ள."

"ப்ரோமிஸ்?"

"ப்ரோமிஸ்."

மார்ச் 26, புதன்

வாசுவின் இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன. சிலிப்பர் வார் பதிந்த தடம் அப்படியே நிற்கிறது. நான்கரை கிலோ. திட்டினேன். சிரிக்கிறார்.

"உங்க கதையை வீட்ல சந்திராகிட்ட சொல்றேன் அக்கா. அவ சமைச்சுக்கிட்டே கேப்பா. நீங்க அந்தப் பொண்ணைக் குடிக்க விடுங்க, நானும் நிறுத்திடுறேன்லா."

"விளையாடாதே."

"சீரியஸா. அவ குடிச்சா எனக்குத் தாகம் அடங்கும்."

எயினி எட்டாம் நாளில் இருக்கிறாள். நாளைக்கே குடிக்க வைக்கலாம். ஆனால் யார் கொடுப்பது? எந்த உரிமையில்? சட்டம் இடிக்கிறதே. இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

யோசிக்கிறேன். 640.

ஏப்ரல் 7, திங்கள்

ஆறாம் நாற்காலி காலி.

இங்கே ஒரு நாற்காலி காலியானால் யாரும் வாய் திறப்பதில்லை. எல்லாரும் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். நான்தான் டீனாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நுரையீரல்ல தண்ணி ஏறிருச்சு ஆன்டி. ஞாயித்துக்கிழமை வார்டுல சேத்துட்டாங்க."

ஏப்ரல் 9, புதன்

வாசுவின் மனைவி சந்திரகலா வந்தாள். இங்கே குளிர் அதிகம் என்று அவரவர் போர்வையை அவரவர் கொண்டுவந்து வைத்திருப்போம். ஆஸ்பத்திரியில் அந்தப் போர்வைதான் வேண்டும் என்கிறாராம். மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்கதானே கதை எழுதுற அக்கா? அந்தப் பொண்ணு தண்ணி குடிச்சிட்டாளான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

இன்னும் இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "சாயந்திரம் அனுப்புறேன்மா," என்றேன். அவளுடைய எண்ணை வாங்கிக்கொண்டேன்.

அடிப்பாவி ரோசலின். எட்டு நாளா அவளைத் தாகத்தோட நிக்க வச்சிருக்கே. எதுக்கு? ஒரு சட்டத்துக்கு. இல்லாத ஊரோட, இல்லாத கிணத்தோட சட்டத்துக்கு!

ஊசி குத்திய கையை அசைக்காமல் எழுதினேன். கால் மணி நேரம் கூட ஆகவில்லை:

"கல்மேட்டுக்கு வெளியே, சாலையோரம் ஒரு பந்தல் இருந்தது. அண்டாவின் முன்னால் ஒருவன் நின்றான். 'வாங்க, குடிங்க,' என்றான். யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. எயினி பானையை இறக்கி வைத்தாள். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். அவன் ஊற்றினான். போதும் என்று அவள் சொல்லவில்லை. அவனும் நிறுத்தவில்லை."

அவன் யார், எந்தச் சங்கம், அண்டாவை நிரப்பியது யார்? எதுவும் தெரியாது. தெரியாமலேயே பந்தல் நிற்கிறது. பத்துமலைக்குப் போய் வந்த மறுநாளே வாசு இதைச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் காதில் விழவில்லை.

குரல் பதிவு செய்து சந்திரகலாவுக்கு அனுப்பினேன். பின்னால் மெஷின் சத்தம் கேட்கும். பரவாயில்லை, அவருக்குப் பழகிய சத்தம்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

நான் அனுப்பிய பதிவுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் புத்தாண்டு. நேற்று மாலை வாசு போய்விட்டார்.

இன்று என்ன குடித்தேன் என்று எழுதவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. காலையில் ஊசி, மாலையில் கோவில். வாசிப்பில், சிலுவையில் இயேசு தாகம் என்று சொன்ன இடத்தில் அழுதுவிட்டேன். லியனார்ட் கைக்குட்டையைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பதினோரு ஃபைல்களையும் பெட்டியில் போட்டுக் கட்டி, அலமாரிக்கு மேலே வைக்கச் சொன்னேன். தூக்கி எறிய மனமில்லை. எயினி தேடி வந்தால் இறக்கிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 23, புதன்

எயினி கல்மேட்டுக்குள் நுழைந்தாள். முதல் தெருவில் ஒரே ஒரு வீடுதான் கட்டியிருக்கிறேன், அவள் தட்டும் வீடு. 530.

ஏப்ரல் 28, திங்கள்

வாசுவின் பதினாறாம் நாள் காரியம். ஊசி முடிந்ததும் லியனார்ட் என்னைப் பண்டமாரானுக்குக் கூட்டிப்போனார்.

படையலில் வாசுவுக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. இலையைச் சுற்றி ஐந்து பெரிய தம்ளர்கள். மோர், ரோஸ் சிரப், தே ஐஸ், இளநீர், வெறும் தண்ணீர். விளிம்பு வரை ஊற்றியிருந்தார்கள். நான் அந்தத் தம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்திரகலா என்னை அடுப்படிக்கு அழைத்துப்போனாள். "பதில் போடல, மன்னிச்சுக்குங்க அக்கா. நீங்க அனுப்பினதை நாலு தடவை போட்டுக் கேட்டாரு. காதுகிட்ட வச்சுப் பிடிச்சுக்கிட்டேன்."

"ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சான்னு அக்காகிட்ட கேளுன்னாரு. நான் கேக்குறதுக்குள்ள..."

ஏழு ஆற்றின் ஆழமும் வேகமும் எழுதி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் எத்தனை அடி ஏறும் என்பது கூட இருக்கிறது. தண்ணீர் குளிர்ந்திருந்ததா என்று பதினோரு ஃபைலிலும் இல்லை.

"ஜில்லுன்னுதான்மா இருந்துச்சு," என்றேன். அவள் தலையை ஆட்டினாள். படையல் மோரில் ஒரு தம்ளர் கொடுத்தாள். மறுக்கவில்லை, நின்றுகொண்டே குடித்தேன்.

காலைத் தேநீர் 150. மாத்திரைக்கு 50. சோற்றோடு ரசம் 100. மோர் 200. மாலைத் தேநீர் குடிக்கவில்லை. மொத்தம் 500.

வீட்டுக்கு வந்து ஏப்ரல் 9ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். "அவன் ஊற்றினான்" என்ற வரிக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இரண்டு சொல் சேர்த்தேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது.